ஓப்பன்வர்ட் ரௌட்டரில் யூஎஸ்பி டிஸ்க்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்களுக்கான கேள்வி-பதில்

காரிமங்கலத்தில் ஒரு கல்யாண ஸ்டுடியோ, அரூரில் ஒரு டியூஷன் சென்டர், ராயக்கோட்டையில் ஒரு தக்காளி மண்டி. மூன்று இடத்திலும் தேவை ஒன்றுதான். நாலைந்து கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் பொதுவாக ஒரு டிஸ்க் வேண்டும், அதற்கென்று தனி சர்வர் வாங்க முடியாது. யூஎஸ்பி துளை உள்ள ரௌட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி (பேச்சில் ஓப்பன்வர்ட்) ஃபர்ம்வேர், அதாவது ரௌட்டரை இயக்கும் மென்பொருள், போட்டிருந்தால் அந்த வேலையை ரௌட்டரே செய்துவிடும். ஃபர்ம்வேர் ஏற்கெனவே போட்டாகிவிட்டது, லூசி என்னும் அதன் வெப் பக்கம் திறக்கிறது என்று வைத்துக்கொண்டு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். மெனுப் பெயர்களும் பேக்கேஜ் பெயர்களும் உச்சரிப்புப்படி தமிழில் இருக்கும். திரையில் ஆங்கிலத்தில் தேடிக்கொள்ளுங்கள்.

பெங்களூர் எஸ்பி ரோட்டில் பழைய ரௌட்டர் மலிவாகக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

மூன்று விஷயம் பாருங்கள்: யூஎஸ்பி துளை, 16 எம்பி ஃபிளாஷ் (ஃபர்ம்வேர் தங்கும் இடம்), 128 எம்பி ராம். 8 எம்பி ஃபிளாஷ் உள்ளதிலும் டிஸ்க்கை மவுண்ட் செய்யலாம், அதாவது ஒரு ஃபோல்டராக ரௌட்டரோடு இணைக்கலாம். ஆனால் ஷேரிங்குக்கான சாம்பா பேக்கேஜ் அதில் உட்காராது. 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ராமும் கொண்ட பழைய பெட்டிகளுக்கு 19.07 பதிப்போடு ஆதரவு முடிந்துவிட்டது; இலவசமாகக் கொடுத்தாலும் இந்த வேலைக்கு ஆகாது.

மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6-இல் யூஎஸ்பி கிடையாது, சி6யூ-வில் உண்டு. ஓர் எழுத்தில் வேறு பெட்டியாகிவிடுகிறது. ஒரே பெயரில் வி2, வி3, வி5 என்று வந்தவற்றில் உள்ளே இருக்கும் சிப்பே வேறாக இருக்கலாம். பெட்டியைத் திருப்பி, அடியில் உள்ள ஸ்டிக்கரில் பதிப்பு எண்ணைப் படித்து, ஓப்பன்வர்ட் தளத்தின் ஹார்டுவேர் பட்டியலில் அதே எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டியிலேயே யூஎஸ்பி இருக்கிறதே, அதில் ஃபர்ம்வேர் மாற்றலாமா?

வேண்டாம். ஃபைபர் இணைப்பை அங்கீகரிக்கும் விவரங்கள் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அதை நோண்டினால் டிஸ்க்கும் வராது, நெட்டும் போய்விடும். அதை அப்படியே விட்டுவிட்டு, அதன் லேன் துளையிலிருந்து ஒரு கேபிளை உங்கள் ரௌட்டரின் வான் துளைக்கு (நெட் உள்ளே வரும் துளை) கொடுங்கள்.

இந்த இணைப்பில் இரண்டு சிக்கல் வரும். ஃபைபர் பெட்டியும் ஓப்பன்வர்ட்டும் பெரும்பாலும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியை வைத்திருக்கும். இரண்டும் முட்டிக்கொண்டால் நெட் வராது. நெட்வொர்க் – இன்டர்ஃபேசஸ் பக்கத்தில் லேன் முகவரியை 192.168.10.1 என்று மாற்றிவிடுங்கள். அடுத்தது, ஃபைபர் பெட்டியின் வைஃபையில் இருக்கும் செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் டிஸ்க் தெரியாது. அவை ஓப்பன்வர்ட்டின் வான் பக்கத்தில், அதாவது ஃபயர்வாலுக்கு வெளியே நிற்கின்றன. ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு எல்லோரையும் ஓப்பன்வர்ட்டின் வைஃபைக்குக் கொண்டுவருவதுதான் சரியான வழி.

டிஸ்க்கைச் செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் ரௌட்டருக்குத் தெரியவில்லை. சில நேரம் ரௌட்டரே ரீஸ்டார்ட் ஆகிறது. ஃபர்ம்வேர் கோளாறா?

பத்தில் எட்டுத் தடவை இது கரண்ட் பற்றாக்குறைதான். ஃபர்ம்வேர் மேல் பழி போட்டுத் திரும்பத் திரும்ப ஃபிளாஷ் செய்வதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

யூஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர். யூஎஸ்பி 3.0 என்றால் 900. பென் டிரைவுக்கு இது தாராளம். ஆனால் 2.5 இன்ச் ஹார்டு டிஸ்க், தட்டு சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் ஓர் ஆம்பியர் வரை இழுக்கும். அதாவது 5 வாட். ரௌட்டரோடு வந்த அடாப்டர் 12 வோல்ட் 1 ஆம்பியர் என்றால் மொத்தமே 12 வாட். வைஃபை முழு வேகத்தில் ஓடும்போது ரௌட்டருக்கே அதில் பாதிக்கு மேல் போய்விடும். மிச்சம் போதாமல் வோல்டேஜ் இறங்கும். டிஸ்க் சுழல முயன்று, நின்று, மறுபடி முயலும். காதை அருகில் வைத்தால் 'டிக்… டிக்…' என்று கேட்கும். அந்தச் சத்தத்தோடு டிஸ்க்கைத் தொடர்ந்து ஓட விட்டால் டிஸ்க் கெட்டுப்போகும்.

உறுதி செய்துகொள்ள ஸ்டேட்டஸ் – கெர்னல் லாக் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு டிஸ்க்கைச் செருகுங்கள். 'நியூ ஹை-ஸ்பீடு யூஎஸ்பி டிவைஸ்' என்று வந்தால் யூஎஸ்பி 2.0 வேகத்தில் பிடித்திருக்கிறது. 'சூப்பர்ஸ்பீடு' என்றால் 3.0. 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீடு' என்ற வரியில் எரர் -71 அல்லது -110 என்று வந்தால் கரண்டையோ கேபிளையோ சந்தேகப்படுங்கள். ஃபைல் காப்பி ஆகும் நடுவில் 'ரீசெட்' என்ற வரி திரும்பத் திரும்ப வந்தாலும் முதல் சந்தேகம் அங்கேதான்.

சரிசெய்யும் வரிசை இது. முதலில் கேபிளை மாற்றுங்கள். டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிளே நல்லது, மெல்லிய நீளக் கேபிள் வோல்டேஜைத் தின்னும். அடுத்து அடாப்டர். 12 வோல்ட் ரௌட்டருக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் போடலாம், ஆம்பியர் கூடுவதால் கெடுதல் இல்லை. வோல்ட் மட்டும் ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. 9 வோல்ட் ரௌட்டரில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் புகைதான். பின்னின் அளவையும் பாருங்கள்: வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் என்று ஒன்றாக இருந்தாலும் உள் விட்டம் 2.1, 2.5 என இரண்டு வகை உண்டு. மாற்றிப் போட்டால் தொளதொளவென்று இருந்து, ஆள் நடந்தாலே ரீஸ்டார்ட் ஆகும்.

அடாப்டர் மாற்றியும் சரியாகவில்லையா? ரௌட்டரின் யூஎஸ்பி துளையே கரண்டை ஓர் அளவுக்கு மேல் விடாதபடி கட்டப்பட்டிருக்கலாம். அப்போது தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றே தீர்வு. 3.5 இன்ச் டிஸ்க்குக்கு அதன் சொந்த அடாப்டர் உண்டு என்பதால் இந்தத் தொல்லை கிடையாது.

எந்தெந்தப் பேக்கேஜ் போட வேண்டும்?

சிஸ்டம் – சாஃப்ட்வேர் பக்கத்தில் முதலில் 'அப்டேட் லிஸ்ட்ஸ்' அழுத்துங்கள். பிறகு ஒவ்வொன்றாக: கேமாட்-யூஎஸ்பி-ஸ்டோரேஜ், பிளாக்-மவுண்ட், கேமாட்-எஃப்எஸ்-இஎக்ஸ்டி4, இ2எஃப்எஸ்ப்ராக்ஸ். யூஎஸ்பி துளையை இயக்கும் டிரைவர் பொதுவாக ஃபர்ம்வேரிலேயே இருக்கும். டிஸ்க்காக அதை அடையாளம் காணும் டிரைவர்தான் இருக்காது, மேலே உள்ள முதல் பேக்கேஜ் அதற்குத்தான். பிளாக்-மவுண்ட் போட்டு ஒரு தடவை வெளியேறி லாகின் செய்தால் மெனுவில் 'மவுண்ட் பாயிண்ட்ஸ்' முளைக்கும்.

24.10 பதிப்பு வரை உள்ளே ஓபிகேஜி வேலை செய்கிறது, அதற்குப் பின் வரும் பதிப்புகளில் ஏபிகே. லூசி வழியாகப் போடுபவருக்கு இந்த மாற்றம் கண்ணிலேயே படாது.

கெர்னல் (ஃபர்ம்வேரின் மையப் பகுதி) பொருந்தவில்லை என்று பேக்கேஜ் மறுத்தால், நீங்கள் போட்டிருப்பது பெரும்பாலும் தினசரி மாறும் ஸ்னாப்ஷாட் பதிப்பு. நேற்றைய கெர்னலுக்கு இன்றைய கேமாட் (கெர்னலோடு சேரும் டிரைவர்) சேராது. நிலையான பதிப்பை ஃபிளாஷ் செய்யுங்கள். கட்டாயப்படுத்திப் போடும் வழியைத் தொடவே வேண்டாம்.

டிஸ்க்கை எந்த வகையில் ஃபார்மட் செய்வது?

டிஸ்க் எப்போதும் ரௌட்டரிலேயே இருக்கும் என்றால் இஎக்ஸ்டி4. ரௌட்டரின் லினக்ஸுக்கு அது தாய்மொழி. பிராசஸருக்கும் சுமை குறைவு, கரண்ட் போனால் மீளும் திறனும் அதற்கே அதிகம். 'விண்டோஸ் இஎக்ஸ்டி4-ஐப் படிக்காதே' என்று பலர் தயங்குகிறார்கள். நெட்வொர்க் வழியாக வரும்போது விண்டோஸுக்கு டிஸ்க்கின் வகையே தெரியாது. டிஸ்க்கைக் கழற்றி நேரடியாகக் கம்ப்யூட்டரில் செருகும் பழக்கம் இருந்தால்தான் அந்தத் தயக்கம் நியாயம். அப்போது எக்ஸ்ஃபேட் எடுத்துக்கொண்டு கேமாட்-எஃப்எஸ்-எக்ஸ்ஃபேட் போடுங்கள். ஃபேட்32 வேண்டாம். 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை அது ஏற்காது, கல்யாண வீடியோ ஒன்றே அதைத் தாண்டிவிடும். ஏற்கெனவே தகவல் நிறைந்த என்டிஎஃப்எஸ் டிஸ்க் என்றால் கேமாட்-எஃப்எஸ்-என்டிஎஃப்எஸ்3 போட்டு ஓட்டலாம், வேறிடம் கிடைத்ததும் மாற்றிவிடுங்கள்.

1 டிபி, 2 டிபி டிஸ்க்குகளை ரௌட்டரில் வைத்து ஃபார்மட் செய்யாதீர்கள். ராம் போதாமல் நடுவில் நிற்கலாம். உபுண்டு பென் டிரைவில் ஒரு கம்ப்யூட்டரைக் கிளப்பி அதில் செய்யுங்கள். 2 டிபிக்கு மேல் என்றால் பார்ட்டிஷன் அட்டவணை ஜிபிடி-யாக இருக்க வேண்டும், பழைய எம்பிஆர் அந்த அளவோடு நின்றுவிடும். இன்னொன்று: இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். 1 டிபியில் அது 50 ஜிபி. ஃபைல் மட்டும் வைக்கும் டிஸ்க்குக்கு அது வீண். ட்யூன்2எஃப்எஸ் கருவியில் -எம் 0 கொடுத்து விடுவித்துக்கொள்ளலாம்.

மவுண்ட் செய்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் காணோம்.

மவுண்ட் பாயிண்ட்ஸ் பக்கத்தில் 'ஜெனரேட் கான்ஃபிக்' அழுத்தினால் டிஸ்க் பட்டியலில் வரும். ஆனால் 'எனேபிள்டு' கட்டம் டிக் இல்லாமல்தான் வரும், இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் ஏராளம். 'எடிட்' போய் டிக் போடுங்கள். அடையாளத்துக்கு எஸ்டிஏ1 என்ற பெயரை வைக்காமல் யூயூஐடி-யை (டிஸ்க்கின் நிலையான அடையாள எண்) தேர்ந்தெடுங்கள். நாளை இன்னொரு பென் டிரைவ் செருகினால் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற வரிசை மாறிவிடும், யூயூஐடி மாறாது. மவுண்ட் பாயிண்ட்டாக எம்என்டி ஃபோல்டருக்குள் 'டேட்டா' என்று ஒன்று கொடுத்து 'சேவ் அண்ட் அப்ளை' செய்யுங்கள்.

பிறகு அதே பக்கத்தில் மேலே, தற்போது மவுண்ட் ஆனவற்றின் பட்டியலில், டிஸ்க்கின் அளவு சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். 1 டிபி என்று வாங்கியது 930-ஐ ஒட்டிக் காட்டும், அது சரிதான். இந்தச் சரிபார்ப்பைத் தாண்டிப் போகாதீர்கள். டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையிலும் 'டேட்டா' என்ற வெறும் ஃபோல்டர் ரௌட்டருக்குள் இருக்கும். ஷேரும் வேலை செய்வது போலவே தோன்றும். அப்போது காப்பி செய்யும் ஃபைல்கள் ரௌட்டரின் சொந்த ஃபிளாஷில் போய் விழும். சில எம்பி-தான் அங்கே இடம். அது நிரம்பினால் செட்டிங்கைக்கூடச் சேமிக்க முடியாமல் ரௌட்டர் திணறும். டிஸ்க் காலியாக இருக்கிறது, ஆனால் 'இடமில்லை' என்று செய்தி வருகிறது என்றால் இதுதான் நடந்திருக்கிறது. டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து, அந்த ஃபோல்டருக்குள் கிடப்பதை அழித்து, மறுபடி மவுண்ட் செய்யுங்கள்.

எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஷேர் செய்வது எப்படி?

லூசி-ஆப்-சாம்பா4 பேக்கேஜ் போடுங்கள். ஃபிளாஷ் இடம் குறைவு என்றால் லூசி-ஆப்-கேஎஸ்எம்பிடி. அது கெர்னலுக்குள்ளேயே ஓடுவதால் சின்னது, ராமும் கம்மியாகத் தின்னும். சர்வீசஸ் – நெட்வொர்க் ஷேர்ஸ் பக்கத்தில் ஒரு பெயரும் மவுண்ட் ஃபோல்டரின் பாதையும் கொடுத்தால் ஷேர் தயார். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரின் முகவரிக் கட்டத்தில் இரண்டு பின்சாய்கோடு போட்டு 192.168.10.1 என்று அடித்தால் திறக்கும்.

பயனர்பெயர், பாஸ்வேர்டு வைத்தே செய்யுங்கள். சாம்பாவின் அமைப்பில் ரூட் பயனர் வேண்டுமென்றே தடுக்கப்பட்டிருக்கிறது, ரௌட்டரின் பாஸ்வேர்டை அடித்து 'வரவில்லையே' என்று அலைய வேண்டாம். ஷேடோ-யூசர்ஆட் பேக்கேஜ் போட்டு, எஸ்எஸ்எச் (கம்ப்யூட்டரிலிருந்து ரௌட்டரில் கட்டளை அடிக்கும் வழி) வழியாக நுழைந்து, யூசர்ஆட் கட்டளையால் ஒரு பயனரை உருவாக்கி, எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி கட்டளையை -ஏ சேர்த்துக் கொடுத்தால் பாஸ்வேர்டை இரண்டு தடவை கேட்கும். கடைசியாக டேட்டா ஃபோல்டரின் உரிமையைச் சவுன் (சிஎச்ஓடபிள்யூஎன்) கட்டளையால் அந்தப் பயனருக்கு மாற்றுங்கள். இதை விட்டால் படிக்க வரும், எழுத வராது.

'கெஸ்ட்' என்று வைத்திருந்தேன். புது லேப்டாப் மட்டும் உள்ளே விட மறுக்கிறது.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, ப்ரோ வகையில், பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவு தடுக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸில் அந்தத் தடையை எடுக்க வழி உண்டு. எடுக்காதீர்கள், மேலே சொன்னபடி பயனர் ஒன்றை உருவாக்குங்கள். பழைய டிவி பாக்ஸ் கேட்கிறதே என்று எஸ்எம்பி1-ஐ (ஃபைல் ஷேரிங்கின் பழைய முறை) இயக்குவதும் அதே தவறு. 2017-இல் உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை வைரஸ் அந்த வழியாகத்தான் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது.

காப்பி ஆகும் வேகம் மிகவும் குறைவாக இருக்கிறது.

எந்த இடத்தில் குறுகுகிறது என்று பாருங்கள். லேன் துளை 100 எம்பிபிஎஸ் வகை என்றால் நொடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் வராது, டிஸ்க் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் சரி. ஸ்டுடியோக்காரரின் 64 ஜிபி கார்டு ஒன்றை அதில் ஏற்ற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிகாபிட் லேனும் யூஎஸ்பி 2.0-வும் இருந்தால் நொடிக்கு 30 வரை போகலாம். அதே கார்டுக்கு 35 நிமிடம் போதும். ஆனால் அந்த வேகத்தை எட்டப் பிராசஸரும் ஈடுகொடுக்க வேண்டும். காப்பி ஓடும்போது எஸ்எஸ்எச்-இல் டாப் கட்டளையைப் பாருங்கள். பிராசஸர் முழுக்க நிரம்பியிருந்தால் அதுதான் அந்தப் பெட்டியின் எல்லை. டிஸ்க் என்டிஎஃப்எஸ் என்றால் இஎக்ஸ்டி4-க்கு மாறிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

யூஎஸ்பி 3.0 டிஸ்க் செருகியதும் வைஃபை விட்டு விட்டு வருகிறது.

யூஎஸ்பி 3.0-இன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. இன்டெல் 2012-லேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. டிஸ்க்கை ரௌட்டரின் மேல் வைக்காமல், நல்ல உறையுள்ள கேபிளில் ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள். முடிந்தவரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் யூஎஸ்பி 2.0 கேபிள் போட்டு வேகத்தை விட்டுக்கொடுங்கள்.

ஓசூரில் இருக்கிறோம். ஃபைல் பெயர்கள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் இருக்கின்றன. எல்லாம் கேள்விக்குறியாகத் தெரிகிறது.

டிஸ்க் ஃபேட்32 வகையாக இருக்கும். கேமாட்-என்எல்எஸ்-யூடிஎஃப்8 பேக்கேஜ் போட்டு, மவுண்ட் ஆப்ஷன்ஸ் கட்டத்தில் ஐஓசார்செட்=யூடிஎஃப்8 என்று கொடுங்கள். ஃபைலுக்கு எதுவும் ஆகியிருக்காது, பெயரைக் காட்டும் விதம்தான் தவறு. அதைச் சரிசெய்யும் முன் கேள்விக்குறியோடு தெரியும் ஃபைலை வேறிடத்துக்கு காப்பி செய்யாதீர்கள், அந்தப் பெயரே நிலைத்துவிடும். இஎக்ஸ்டி4-இல் இந்தப் பிரச்சினையே எழாது.

டிவியில் நேரடியாகப் படம் பார்க்க?

மினிடிஎல்என்ஏ பேக்கேஜ். அதன் தகவல் தளம் வழக்கமாக ராமில் உட்காரும். ரீஸ்டார்ட் ஆனால் அழிந்து முதலிலிருந்து தேடும், ஃபைல் அதிகமானால் ராமும் நிரம்பும். அமைப்பில் அந்தப் பாதையை டிஸ்க்குக்கு மாற்றுங்கள். வேலை செய்கிறதா என்று 192.168.10.1:8200 என்ற முகவரியில் பார்க்கலாம்.

மண்டியில் நாலு ஐபி கேமரா இருக்கிறது. அதன் பதிவை இந்த டிஸ்க்கில் ஏற்றலாமா?

ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் என்று வைத்தால் நொடிக்கு கால் மெகாபைட். ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் 11 நாளில் நிரம்பும், 64 ஜிபி பென் டிரைவ் ஒரு நாள்கூடத் தாங்காது. பென் டிரைவில் இராப்பகலாக எழுதினால் சில மாதங்களில் செத்தும் போகும். ரௌட்டரின் பிராசஸரும் நெட்டைக் கவனிப்பதா, இதைக் கவனிப்பதா என்று திண்டாடும். கேமராவுக்கு என்விஆர் (கேமராப் பதிவுப் பெட்டி) தனியாக வாங்குவதே நல்லது.

சித்திரை, வைகாசி இடிமழையில் கரண்ட் வந்து வந்து போகிறது. டிஸ்க்குக்கு ஆபத்தா?

இஎக்ஸ்டி4-இன் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு) ஃபைல் அமைப்பைக் காக்கும். அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஃபைலை அது காக்காது. ரௌட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். டிஸ்க்கின் கரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 2 ஆம்பியர் தருவதாகப் பாருங்கள். ஹப் வைத்திருந்தால் அதற்கும் யூபிஎஸ் வேண்டும், ரௌட்டர் மட்டும் தாங்கி டிஸ்க் அணைந்தால் பலன் இல்லை. இடி இறங்கும் நேரத்தில் ஃபைபர் ஒயரில் ஆபத்து வராது; அடாப்டர் வழியாகத்தான் வரும், பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

டிஸ்க் திடீரென 'ரீடு-ஒன்லி' ஆகிவிட்டால் ஃபைல் அமைப்பில் பிழை கண்டு தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்மவுண்ட் செய்துவிட்டு இ2எஃப்எஸ்சிகே ஓட்டுங்கள். மவுண்ட் ஆன நிலையில் ஓட்டினால் இருக்கும் பிழை இரட்டிப்பாகும். பெரிய டிஸ்க் என்றால் இதற்கும் ராம் போதாது. கழற்றி உபுண்டு கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள். முக்கியமானவற்றை, ஸ்டுடியோக்காரர்கள் குறிப்பாக, வேறொரு டிஸ்க்கில் இன்னொரு பிரதி வைத்திருங்கள். ரௌட்டரில் இருப்பது ஒரே பிரதி என்றால், கல்யாண வீட்டாரிடம் பதில் சொல்ல வழியே இருக்காது.

ஃபர்ம்வேர் அப்டேட் செய்தேன். டிஸ்க் போய்விட்டது.

டிஸ்க்கில் உள்ளதற்கு ஒன்றும் ஆகவில்லை. அப்டேட் செட்டிங்குகளை வைத்துக்கொள்ளும், நீங்கள் போட்ட பேக்கேஜ்களை வைத்துக்கொள்ளாது. மறுபடி போட்டால் பழையபடி வந்துவிடும். 'அட்டெண்டெட் சிஸ்அப்கிரேடு' வழியாகச் செய்தால் பேக்கேஜ்களையும் சேர்த்தே புது ஃபர்ம்வேர் தயாராகி வரும். டிஸ்க்கை ஃபிளாஷின் நீட்டிப்பாக, எக்ஸ்ட்ரூட் முறையில் வைத்திருப்பவர்கள் மட்டும் அந்த அமைப்பை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

வெளியூரிலிருந்து டிஸ்க்கைத் திறக்க, ஷேரிங் நடக்கும் 445 போர்ட்டைத் திறந்துவிடலாமா?

கூடாது. திறந்த சில நிமிடங்களிலேயே தானியங்கித் தேடல்கள் கதவைத் தட்டத் தொடங்கும். வயர்கார்டு விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) போட்டு அதன் வழியாக வாருங்கள். அதற்குப் பொது ஐபி வேண்டும். ஃபைபர் பெட்டியின் வான் முகவரியைப் பாருங்கள்: 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் கம்பெனி உங்களைப் பலரோடு ஒரே ஐபியில் சேர்த்து வைத்திருக்கிறது, வெளியிலிருந்து நேரே வர முடியாது. நிலையான ஐபி தருவார்களா, ஐபிவி6 உண்டா என்று கம்பெனியிடம் கேளுங்கள்.

டிஸ்க்கை எடுக்கும்போது அப்படியே பிடுங்கலாமா?

மவுண்ட் பாயிண்ட்ஸ் பக்கத்தில் 'அன்மவுண்ட்' அழுத்துங்கள். மறுத்தால் யாரோ ஒருவர் ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார். சாம்பாவை சிஸ்டம் – ஸ்டார்ட்டப் பக்கத்தில் நிறுத்திவிட்டு மறுபடி அழுத்துங்கள். டிஸ்க்கின் விளக்கு சிமிட்டுவது நின்ற பிறகு கழற்றுங்கள்.